யசுஹிதோ எண்டோ: ஐரோப்பா போகாத ஆளுக்கு ஜப்பான் ஆல்டைம் லெவனில் இடம் உண்டா?

கடைசிபெஞ்ச்:
ஆல்டைம் லெவன் இழையில நடுக்களம்னு வந்ததும் எல்லாரும் நகாட்டா, நகமுரா, ஓனோ, ககாவா, ஹசெபேன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. ஜப்பான் ஆண்கள் அணிக்கு அதிக ஆட்டம் ஆடினவர் பேர் பெஞ்சுல கூட இல்ல. 152 ஆட்டம். இன்னைக்கு வரைக்கும் யாரும் தாண்டல. ஜப்பான் லீக்கான ஜே லீக்கோட அந்தந்த வருஷத்துச் சிறந்த லெவன்ல 12 தடவை இடம். 2009ல ஆசியாவின் சிறந்த வீரர். 2008ல அவரோட கிளப் காம்பா ஒசாகா ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சப்போ தொடரோட சிறந்த வீரர். 2014ல ஜே லீக் எம்விபி (சீசனோட சிறந்த வீரர்), அப்போ வயசு 34.

இத்தனையும் இருந்தும் விட்டதுக்கு நீங்க சொல்ற காரணம் ஒண்ணுதான்: ஐரோப்பால ஆடல. அந்த அளவுகோல் சரியான்னு பேசத்தான் இந்த இழை. நான் எண்டோ பக்கம். அடிக்கிறவங்க வரிசையா வாங்க.

ரோமாரசிகன்:
வந்துட்டேன்.

1998 செப்டம்பர்ல நகாட்டா பெருஜாவுக்கு இறங்கின முதல் சீரி ஆ (இத்தாலி முதல் பிரிவு) மேட்ச் யுவென்டஸோட. ஜிடான், டெல் பியரோ எல்லாம் எதிர்ல. ரெண்டு கோல் போட்டார். 2001 மே மாசம், அதே யுவென்டஸ், அவங்க சொந்த மைதானம், ரோமா 0-2 பின்னாடி. டொட்டியை வெளில எடுத்துட்டு நகாட்டாவை இறக்கினாங்க. தூரத்துல இருந்து ஒரு கோல். அடுத்து அவர் அடிச்ச ஷாட்டை யுவென்டஸ் கோலி வான் டெர் சார் தட்டிவிட, அதை மான்டெல்லா உள்ள தள்ளினார். 2-2. அந்த வருஷம் பட்டம் ரோமாவுக்கு.

இது தராசோட ஒரு தட்டு. இன்னொரு தட்டுல ஒசாகால உக்காந்துக்கிட்டு பத்து வருஷம் பக்கத்து ஆளுக்குப் பாஸ் போட்ட கதை. சாரி, எனக்கு ரெண்டும் ஒரே எடை இல்ல. உள்ளூர்ப் புலின்னு நம்ம ஊர்ல ஒரு பேர் உண்டு.

கடைசிபெஞ்ச்:
உள்ளூர்ல ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையம் போய் உடும்பு பிடிப்பானான்னும் நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. இவர் உள்ளூர்லயே உடும்பு பிடிச்சவர்.

சுயிட்டா_செந்தில்:
வேலை நிமித்தம் பல வருஷமாக ஒசாகா பக்கம் இருக்கிறேன். காம்பா மைதானம் எங்கள் சுயிட்டாவில்தான். அதனால் நான் நடுநிலை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"ஒசாகால உக்காந்துக்கிட்டு" என்று எழுதியதைப் பார்த்ததும் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தோன்றியது. இவர் வாழ்க்கை வசதியான நாற்காலியில் தொடங்கவே இல்லை.

தெற்கே ககோஷிமாவில் சகுராஜிமா என்று அடிக்கடி சாம்பல் கக்கும் எரிமலை. அதன் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர், 1980 ஜனவரி. அண்ணன் தம்பி மூன்று பேரும் பந்து. நடு அண்ணன் அகிஹிரோ 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என்று ஜெயித்த ஜப்பான் அணியில் இருந்தவர். யசுஹிதோ கடைக்குட்டி. ககோஷிமா ஜிட்சுக்யோ பள்ளியிலிருந்து 1998இல் யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் எடுத்துக்கொண்டது. பார்சிலோனாவிலிருந்து வந்த கார்லஸ் ரெக்ஸாக்தான் பயிற்சியாளர். பள்ளி முடித்துவிட்டு வந்த பதினெட்டு வயதுப் பையனை சீசனின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் யோகோஹாமா மரினோஸுக்கு எதிரான ஊர்ச்சண்டையில், இறக்கிவிட்டார்.

அந்த வருடம் முடிவதற்குள் கிளப்பே இல்லை. பணம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று கையை விரித்தது. இன்னொன்றால் தனியாகத் தாங்க முடியாமல் மரினோஸோடு இணைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். ரசிகர்கள் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள், பலிக்கவில்லை. கலைக்கப்படப்போகிற அணி அதற்குப் பிறகு பேரரசர் கோப்பையில் ஒரு ஆட்டமும் தோற்காமல் போய், 1999 ஜனவரி 1 அன்று ஷிமிசுவை 2-1 என்று வென்று கோப்பையோடு மறைந்தது. முதல் வேலையில் சேர்ந்த வருடமே கம்பெனி மூடிய கதை இவருடையது.

அடுத்து கியோட்டோ. அங்கே 2000இல் கூட ஆடியவர் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் போன பார்க் ஜி-சுங். அந்த வருடம் கியோட்டோ இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் இவர் பதினெட்டுப் பேரில் இல்லை. யாருக்காவது அடிபட்டால் கூப்பிட ஒதுக்கிவைத்த ஆள்களில் ஒருவர். கடைசி வரை அழைப்பு வரவில்லை.

2006 உலகக் கோப்பை இன்னும் மோசம். பயிற்சியாளர் ஜீக்கோ கூட்டிக்கொண்டு போன 23 பேரில், கோல்கீப்பர்களை விட்டுவிட்டால், ஒரு நிமிடம்கூட மைதானத்தில் இறங்காத ஒரே ஆள் எண்டோ. 26 வயது அப்போது. மற்ற எல்லாரும் எழுந்து போய் ஆடிவிட்டு வருகிறார்கள், இவர் மட்டும் ஜெர்மனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்த சில மாதங்களில் வைரஸ் கல்லீரல் அழற்சி, ஆஸ்பத்திரி, சீசனின் கடைசிப் பகுதி போச்சு.

152 என்ற எண்ணில் பெரும்பகுதி இதற்குப் பிறகு சேர்ந்தது.

யாழ்_உதை:
செந்தில் அண்ணை எழுதினது நல்லாயிருக்கு. 99ஐ விட்டிட்டீங்கள். நைஜீரியாவில நடந்த இளையோர் உலகக் கிண்ணம், ட்ரூசியேதான் பயிற்றுநர். ஓனோ, இனமோட்டோ, தகஹாரா, ஒகசவாரா, மோட்டோயாமா, எண்டோ. போர்த்துக்கல், மெக்சிகோ, உருகுவே எல்லாரையும் தாண்டி இறுதியாட்டம் போச்சினம். இறுதியில ஸ்பெயினிட்ட 0-4. ஓனோ தடையில வெளியில. எதிர்ப்பக்கம் ஸவி.

இந்தக் கூட்டத்தைத்தான் ஜப்பானில பொற்காலத் தலைமுறை எண்டு சொல்லுறவை. இனி ஒவ்வொருத்தரும் எங்க போச்சினம் எண்டு பாருங்கோ. ஓனோ ஃபெயனூர்ட் போய் 2002இல யூஏஃபா கிண்ணம் எடுத்தார், பிறகு காயம் மேல காயம். இனமோட்டோ 2001இல காம்பாவில இருந்து ஆர்சனல் போனார், லீக் ஆட்டம் ஒண்டிலயும் இறங்கேல்ல. ஒகசவாரா மெசினா போய் ஒரு சீசனோட திரும்பி வந்திட்டார். தகஹாரா ஜெர்மனியில பரவாயில்லாமல் ஆடினவர்.

போகாமல் நிண்டவர்தான் கடைசி வரைக்கும் நிண்டார். ரோமாரசிகன் இதுக்கு என்ன சொல்லுறார்?

ரோமாரசிகன்:
போய்த் தோத்தவனை விட போகாதவன் பெரியவன்னு சொல்ல வரீங்களா? ஓனோ ரோட்டர்டாம்ல ஒரு ஐரோப்பியக் கோப்பை தூக்கினார். அது போதும் எனக்கு. நீண்ட நாள் ஆடுறதுக்கு மெடல் கொடுக்கணும்னா கொடுங்க, ஆனா அதை லெவன்ல ஏன் எடுத்துட்டு வரீங்க.

2009 விருதைப் பத்தியும் கொஞ்சம் நேர்மையா பேசுவோம். அந்தக் காலத்துல ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) விருது விழாவுக்கு கோலாலம்பூருக்கு நேர்ல வர முடிஞ்சவங்களுக்குத்தான். ஐரோப்பால சீசன் நடுவுல இருக்கிறவன் எப்படி வருவான்?

ஈப்போமணி:
விருதை விட்டுடுங்க, 2008ஐப் பாருங்க. எங்களுக்கு இங்கே ஆசிய சாம்பியன்ஸ் லீக்தான் கண்ணுக்கு எட்டுற காற்பந்து, அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

அரையிறுதி இன்னொரு ஜப்பான் கிளப் உராவாவோட. உராவா அப்போ நடப்புச் சாம்பியன். ஒசாகாவுல முதல் ஆட்டம் 1-1, காம்பாவோட கோல் எண்டோ பெனால்டி. ரெண்டாவது ஆட்டம் உராவாவோட சொந்த மைதானம் சைத்தாமாவுல, அறுபதாயிரம் பேர் உட்கார்ற மைதானம், சிவப்புச் சட்டைக் கூட்டம் போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசறது கேட்காது. தகஹாரா கோல் போட்டு உராவா முந்திருச்சு (ஆமா, மேல சொன்ன அதே நைஜீரியா தகஹாரா). இடைவேளைக்கு அப்புறம் காம்பா மூணு கோல். யமகுச்சி, ம்யோஜின், கடைசியா எண்டோ. 3-1.

இறுதியாட்டத்துல ஆஸ்திரேலியாவோட அடிலெய்டை 3-0, அப்புறம் அவங்க ஊர்லயே 2-0. அதே வருஷம் காம்பா உள்ளூர் லீக்ல எட்டாவது இடம், அதுதான் வேடிக்கை.

டிசம்பர்ல கிளப் உலகக் கோப்பை. மறுபடி அடிலெய்டு, 1-0, கோல் எண்டோ. அடுத்து மான்செஸ்டர் யுனைடெட். ஃபெர்கூசன், ரூனி, ரொனால்டோ. 3-5 தோல்வி. ஆனா அந்த வருஷ ஐரோப்பிய சாம்பியன்கிட்டயே மூணு கோல் போட்டாங்க. எண்டோ அந்த வான் டெர் சாரையே பெனால்டில ஏமாத்தினார். ரோமாரசிகன் அண்ணே, உங்க நகாட்டா கதையில வர்ற அதே வான் டெர் சார்.

ரோமாரசிகன்:
அது 5-1ன்னு இருந்து கடைசி அஞ்சு நிமிஷத்துல சும்மா ஆன 5-3. யுனைடெட் அதுக்குள்ள பஸ்ல ஏறிட்டாங்க.

கோலிமுருகு:
பெனால்டின்னதும் வந்துட்டேன். மாவட்ட லெவல்ல கோலியா நின்னவன் நான். எண்டோ பெனால்டி வீடியோக்களைப் பாத்தா எனக்கு இன்னமும் கடுப்பா வரும்.

பொதுவா பெனால்டி அடிக்கிறவன் ரெண்டு வகை. ஒரு வகை, ஓடி வர்றதுக்கு முன்னாடியே மூலையை முடிவு பண்ணிட்டு ஓங்கி அடிப்பான். கோலி சரியான பக்கம் பாஞ்சாலும் எட்டாதுங்கிற நம்பிக்கை. இன்னொரு வகை, கோலியைப் பாத்துட்டு அடிப்பான். எண்டோ ரெண்டாவது வகையோட கடைசி எல்லை. மெதுவா நடந்து வர்ற மாதிரி வருவார். கண்ணு பந்துல இருக்காது, நம்ம கால்ல இருக்கும். எந்தக் கோலியும் பாயறதுக்கு முன்னாடி ஒரு கால்ல எடையைப் போட்டே ஆகணும். எடை போன பக்கம்தான் பாய முடியும், திரும்பி மறுபக்கம் போக முடியாது. அந்த எடை மாறுற நொடி வரைக்கும் அவர் காத்திருப்பார். மாறினதும் உள்பாதத்தால மறுபக்கம் உருட்டி விடுவார். உருட்டி. பந்து சுத்திக்கிட்டே போயி கோடு தாண்டும், நாம மண்ணுல கிடந்து அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். ஜப்பான்காரங்க அதுக்கு கொரோகொரோன்னு பேர் வச்சிருக்காங்க.

அப்போ நகராம நின்னா போச்சுன்னு சொல்லுவீங்க. அங்கதான் விஷயம். நகராம நின்னா அவர் கடைசி அடியில மூலைக்கு இறுக்கிடுவார். அவ்வளவு மெதுவா ஓடி வந்து, கடைசி நொடியில முடிவை மாத்தி, மூலைக்குத் துல்லியமா அடிக்கிற பாதம் இருந்தாத்தான் இந்த விளையாட்டையே ஆட முடியும். சாதாரண ஆள் பண்ணினா பந்து கோலி கையில அழகா வந்து உக்காரும்.

வித்தைன்னு சொல்றவங்க ஒரு தடவை கோல்ல நின்னு பாருங்க.

ரோமாரசிகன்:
சரி, வித்தைன்னு சொல்லல. ஆனா பெனால்டி நடுக்கள வேலை இல்லையே முருகு.

நேரா விஷயத்துக்கு வரேன். இவரோட ரசிகர்கள் எல்லாரும் சொல்றது, ஆட்டத்தோட வேகத்தையே கையில வச்சிருந்தார், எப்ப முடுக்கணும் எப்ப ஆறப்போடணும்னு தெரிஞ்சவர். நல்லது. அப்ப 2012ல காம்பா எப்படி இரண்டாம் பிரிவுக்கு இறங்குச்சு? எண்டோ இருந்தார்ல? கையில என்ன வச்சிருந்தார்?

சுயிட்டா_செந்தில்:
நியாயமான கேள்வி. காம்பா ரசிகர்கள் இன்றும் இதைப் பேசினால் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த சீசனில் காம்பா போட்ட கோல் 67. மொத்த லீக்கிலும் அதுதான் அதிகம். சாம்பியனான ஹிரோஷிமாவைவிட அதிகம். வாங்கியது 65. பதினேழாவது இடம், இறக்கம். லீக்கிலேயே அதிக கோல் போட்ட அணி இறங்குவதை வேறு எந்த நாட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

காரணம் எண்டோவின் கால் இல்லை. பத்து வருடம் அணியைக் கட்டிக் காத்த அகிரா நிஷினோவை 2011 முடிவில் அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்த பிரேசில் பயிற்சியாளர் சீசன் தொடங்கிய மாதமே வெளியேற்றப்பட்டார். பிறகு பொறுப்பேற்ற மட்சுனாமி அந்தக் கிளப்பிலேயே ஆடியவர், முதல்முறை தலைமைப் பயிற்சியாளர். நிஷினோ காலத்திலேயே காம்பா "நீ மூன்று போடு, நாங்கள் நான்கு போடுகிறோம்" வகை அணி. அவர் போனதும் நான்கு போடும் பழக்கம் மிச்சமிருந்தது, தடுப்பதை ஒழுங்குபடுத்த ஆள் இல்லை. கடைசி நாளில் இவாட்டா கிளப்பிடம் 1-2 தோல்வி.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். எண்டோ அப்போது தேசிய அணியில் அசைக்க முடியாத முதல் பதினொருவர். 2012இல்தான் மசாமி இஹாராவின் 122 ஆட்டச் சாதனையைக் கடந்திருந்தார். பிரேசில் உலகக் கோப்பைக்கு ஒன்றரை வருடம். வயது 33 ஆகப்போகிறது. அந்த நிலையில் எந்த வீரரும் முதல் பிரிவில் இன்னொரு கிளப்பைப் பார்ப்பார். இவர் இருந்தார். இன்னொரு தேசிய அணி வீரர் கோன்னோவும் இருந்தார். 2013 முழுக்க சிறிய ஊர்களின் சிறிய மைதானங்களில் வார இறுதியில் இரண்டாம் பிரிவு ஆட்டம், நடுவில் விமானம் ஏறி கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக ஆட்டம். அந்த இத்தாலி மேட்ச் 3-4 தோல்விதான், ஆனால் பிர்லோவும் எண்டோவும் ஒரே புல்லில் என்பதற்காகவே மறுபடி பார்க்கலாம்.

காம்பா இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்துத் திரும்பியது. 2014இல் உலகக் கோப்பை இடைவேளையின்போது முதல் பிரிவில் பதினாறாவது இடம், அதாவது மறுபடி இறங்கும் வரிசை. டிசம்பரில் லீக் பட்டம், உராவாவைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். நபிஸ்கோ கோப்பை (லீக் கோப்பை). பேரரசர் கோப்பை. மூன்றும். பயிற்சியாளர் கென்டா ஹசெகாவா பின்வரிசையை இறுக்கினார், முன்னால் உசாமியும் பத்ரிக்கும் கோல் போட்டார்கள், நடுவில் எண்டோவும் கோன்னோவும். எம்விபி எண்டோ.

பழைய எக்ஸ்போ மைதானத்தில் புல்லுக்கும் நமக்கும் நடுவில் ஓடுபாதை வேறு. அவ்வளவு தூரத்திலிருந்தும் ஏழாம் எண் யார் என்று சட்டையைப் பார்க்காமலே தெரியும், ஏனென்றால் மைதானத்தில் அவசரப்படாத ஆள் ஒருவர்தான் இருப்பார்.

புள்ளிவிவரம்பாண்டி:
சில எண்கள், சண்டைக்கு உதவும்.

ஜே1ல் (முதல் பிரிவில்) 672 ஆட்டம், அது சாதனை. கோல்கீப்பர் நராசாக்கியின் 631ஐ 2020 ஜூலையில், செரெஸோவுக்கு எதிரான ஒசாகா டெர்பியில் தாண்டினார். களத்தில் ஓடுகிற ஆள் ஒரு கோல்கீப்பரின் ஆட்ட எண்ணிக்கையைத் தாண்டுவது எவ்வளவு அரிது என்று யோசியுங்கள். எல்லாப் போட்டிகளும் சேர்த்து ஆயிரமாவது ஆட்டம் 2019ல். சிறந்த லெவனில் 2003 முதல் 2012 வரை பத்து வருடம் தொடர்ச்சியாக, பிறகு 2014, 2015. இடையில் விட்டுப்போன 2013 அவர் இரண்டாம் பிரிவில் ஆடிய வருடம், முதல் பிரிவுப் பட்டியலில் வரவே முடியாது.

2020 அக்டோபரில் இவாட்டாவுக்குப் போனார், 40 வயது. 2021ல் இவாட்டா ஜே2 (இரண்டாம் பிரிவு) சாம்பியன். 2024 ஜனவரியில் ஓய்வு அறிவித்து அப்படியே காம்பாவில் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார்.

ரோமாரசிகன்:
எண்கள் எல்லாம் ஒத்துக்கிட்டேன். இப்ப நான் ஒரு மேட்ச் சொல்றேன், யாராவது பதில் சொல்லுங்க.

2014 உலகக் கோப்பை, ஐவரி கோஸ்ட். ஹோண்டா கோல், ஜப்பான் 1-0. இரண்டாவது பாதி ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல ஹசெபேவை எடுத்துட்டு எண்டோவை இறக்கினாங்க. முன்னிலையைக் காப்பாத்தணும், பந்தைக் கையில வச்சுக்கணும், ஆட்டத்தை ஆறப்போடணும். இதுக்குன்னே பொறந்தவர்னு சொல்ற வேலை. பத்து நிமிஷத்துல ரெண்டு கோல் வாங்கினாங்க. போனி, ஜெர்வினியோ. ரெண்டும் ரெண்டே நிமிஷ இடைவெளில. 1-2.

அடுத்த வருஷம் ஆசியக் கோப்பை, யுஏஇ. இவரை எடுத்துட்டு ஷிபாசாக்கியை இறக்கினப்புறம்தான் சமன் கோல் வந்துச்சு, போட்டதும் ஷிபாசாக்கிதான். அதுதான் எண்டோவோட கடைசித் தேசிய ஆட்டம்.

ஈப்போமணி:
ஐவரி கோஸ்ட் மேட்ச்சுல எண்டோவுக்கு அப்புறம் இறங்கினது ட்ரோக்பா. அந்த ரெண்டு கோலும் ட்ரோக்பா உள்ள வந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள. ஜப்பான் பின்வரிசை முழுக்க அவரைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு, வலப்பக்கத்துல இருந்து வந்த ரெண்டு கிராஸையும் யாரும் தடுக்கல. இதுல மிட்ஃபீல்டர் என்ன செய்வார் லா.

யாழ்_உதை:
34 வயசில வாங்கின அடியை வச்சு ஒருத்தரை அளக்கிறதெண்டால் எல்லாரும்தான் விழுவினம். 2010 உலகக் கிண்ணத்தை ஏன் ஒருத்தரும் தொடேல்ல?

டென்மார்க் ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமம் தொடங்கினது. சமன் எண்டாலே ஜப்பானுக்குக் காணும், அடுத்த சுற்று. தொடக்கத்தில டென்மார்க் நல்லா அமுக்கினது. பயிற்றுநர் ஒகாடா நடுக்களத்தைப் புது ஒழுங்கில தொடங்கினவர் எண்டும், அது சரிவரேல்ல எண்டு எண்டோ வெளியில நிண்ட ஒகாடாவோட கதைச்சு, அபே பின்னால நிக்கிற பழைய ஒழுங்குக்கு ஆட்டத்துக்கு உள்ளயே மாத்தினவை எண்டும் பிறகு ஜப்பானில நிறையப் பேர் எழுதினவை. தொலைக்காட்சியிலயே அந்த மாற்றம் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு டென்மார்க்குக்கு நடுவால வழி இல்லை.

ஹோண்டா தூரத்தில இருந்து அடிச்ச ஃப்ரீ கிக் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த உலகக் கிண்ணத்து ஜபுலானி பந்து காற்றில ஆடி ஆடிப் போய் டென்மார்க் கோலி சோரென்சனை ஏமாத்தினது. கொஞ்சத்தால இன்னொரு ஃப்ரீ கிக், இந்த முறை கிட்ட. முழு உலகமும் ஹோண்டாவைப் பார்க்குது. அடிச்சது எண்டோ, சுவரைச் சுத்தி வளைச்சு மூலைக்குள்ள. அரை மணித்தியாலத்தில 2-0. முடிவு 3-1.

நாலு வருஷத்துக்கு முன்னம் ஒரு நிமிசமும் ஆட விடாத அதே கிண்ணம். பிறகு பராகுவேயோட பெனால்டிக்குப் போனபோது முதல் உதை ஆரிட்டக் குடுத்தவை? எண்டோ. உள்ள.

நெறியாளர்:
விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள். வீரர்களை ஒருமையில் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தெரியும்.

கடைசிபெஞ்ச்:
நீக்கினது என்னோடது இல்ல, பதிவு பண்ணிக்கிறேன்.

ஒரு விஷயம் யாரும் எழுதல. 2006க்கு அப்புறம் தேசிய அணிக்குப் பயிற்சியாளரா ஒஸிம் வந்தார். அவர் பேசினதெல்லாம் ஓட்டம், யோசிச்சுக்கிட்டே ஓட்டம். எண்டோ அதுவரைக்கும் நின்ன இடத்துல நின்னு அழகா பாஸ் போடுற ஆள். அந்த ஆள் ஒஸிம் டீம்ல ஒட்டமாட்டார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 26 வயசுக்கு மேல ஒருத்தர் தன் ஆட்டத்தையே மாத்திக்கிட்டார். 2007 ஆசியக் கோப்பைல நகமுரா, கெங்கோ நகமுரா, எண்டோ மூணு பேரும் ஒண்ணா ஆடினாங்க. நாலாவது இடம்தான், ஆனா பந்து சுத்தின விதம் இருக்கே! மாத்திக்கிறதுக்கு ஐரோப்பாதான் போகணும்னு இல்ல, சரியான வாத்தியார் ஊருக்கே வந்தாலும் போதும்.

சுயிட்டா_செந்தில்:
"பக்கத்து ஆளுக்குப் பாஸ்" என்று முதலில் கிண்டல் வந்ததே, அதற்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

ஒரு பாஸ் பத்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவனின் பின்காலுக்குப் போட்டால் அவன் வாங்கும்போதே முன்னால் திரும்பிவிடலாம். முன்காலுக்குப் போட்டால் அவன் முதுகு எதிரணி கோலைப் பார்த்தபடி நிற்கும், திருப்பித் தருவதுதான் வழி. முதுகில் எதிராளி இருந்தால் முன்காலுக்கு, இல்லாவிட்டால் பின்காலுக்கு. பந்து கொஞ்சம் இறுக்கி வந்தால் "ஒரே தொடுதலில் விடு" என்று பொருள், மெதுவாக வந்தால் "உனக்கு நேரம் இருக்கிறது, நிமிர்ந்து பார்". எண்டோவின் சாதாரணப் பாஸ்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றிலும் வாங்குகிறவனுக்கு ஒரு தகவல் போகிறது. ஹசெபே முன்னால் போகலாமா, இடது பக்கம் நகதோமோ ஏறலாமா என்பதை எல்லாம் அந்தப் பந்தின் வேகமே சொல்லிவிடும். 2011 ஆசியக் கோப்பையைப் பயிற்சியாளர் ஸக்கெரோனியின் ஜப்பான் அணி ஜெயித்தபோது ஹோண்டா தொடரின் சிறந்த வீரர் ஆனார், இறுதியில் லீ அடித்த வாலியை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடரில் ஜப்பான் மூச்சு வாங்கிய இடங்களை எண்ணிப் பாருங்கள், அநேகமாக எண்டோவின் காலில் பந்து இருந்த நேரங்களாக இருக்கும்.

பலவீனம் இல்லை என்று சொல்லவில்லை. வேகம் கிடையாது. உயரமான பந்தில் மோதமாட்டார். எதிரணி உடலை வைத்து இடித்து ஆடினால் அவருக்குப் பக்கத்தில் ஹசெபேயோ கோன்னோவோ ம்யோஜினோ இருந்தாக வேண்டும். பிரீமியர் லீக்கில் தினமும் தாக்குப்பிடித்திருப்பாரா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஸ்பெயினில் ஒரு நடுத்தர அணியில் நன்றாக ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் நகமுராவே எஸ்பான்யோலில் ஒரு வருடம்கூட முழுசாக ஓட்டவில்லை.

கோலிமுருகு:
நகமுரா எஸ்பான்யோல் பத்தி எல்லாம் பேசாதீங்க, அவர் முன்னாடி ஆடின செல்டிக் கிளப்போட ரசிகர் யாராவது வந்தா இழை நாறிடும்.

ரோமாரசிகன்:
செந்தில் சார் எழுதினது நல்லா இருந்துச்சு. அந்தப் பின்கால் முன்கால் விஷயத்தை வச்சு ஒரு மேட்ச் பாக்கலாம்னு இருக்கேன். எது? ஹைலைட்ஸ் வேண்டாம், முழு மேட்ச்.

ஈப்போமணி:
2008 சைத்தாமா அரையிறுதி. இரண்டாவது பாதி மட்டும் பார்த்தாலும் போதும்.

யாழ்_உதை:
டென்மார்க். முதல் பதினைஞ்சு நிமிசத்தை ஓட்ட வேண்டாம், அந்த ஒழுங்கு மாறுறதைப் பாருங்கோ.

ரோமாரசிகன்:
ரெண்டும் பாக்கிறேன். நகாட்டா இடத்துல கை வைக்க விடமாட்டேன், அது கல்வெட்டு. பக்கத்துல ஹசெபே இருக்கிற இடம் வேணா பேசலாம்.

புள்ளிவிவரம்பாண்டி:
ஹசெபே வோல்ஃப்ஸ்பர்க்கோடு புண்டஸ்லீகா ஜெயித்தவர், ஃப்ராங்க்ஃபர்ட்டோடு யூரோப்பா லீக் ஜெயித்தவர், மூன்று உலகக் கோப்பையில் கேப்டன். அவரை எடுத்துவிட்டு எண்டோவா? உங்கள் அளவுகோல்படியே இடிக்கிறதே.

ரோமாரசிகன்:
அதுக்குத் தனி இழை திறங்க, வரேன்.